சம்புக்குள் போன சேவலும் 40 கெஜத்துக் காகிதமும்

அந்தச் சேவல் சதுப்பில் வளர்கிற சம்புப் புல்லுக்குள் இறங்கியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பக்கம், மான்டிவிடியோ ஊரைத் தாண்டி ஒரு விவசாயியின் நிலம். வேட்டைக்கு அனுமதி கேட்டு வாங்கித்தான் போயிருந்தோம். அக்டோபர் கடைசி. மக்காச்சோளம் பாதி அறுத்தாகிவிட்டது. வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே புல்லில் நடந்துகொண்டிருந்தபோது, நாய் போன பக்கத்திலிருந்து ஒரு ஃபெசன்ட் சேவல், கோழி இனத்துக் காட்டுப் பறவை, கத்திக்கொண்டு கிளம்பியது. கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற மார்பு, நீண்ட வால். 40 கெஜம் இருக்கும் என்று மனசு சொன்னது. சுட்டேன். இறகு இரண்டு காற்றில் பறந்தது. சேவல் விழவில்லை. ஒரு கால் மட்டும் கீழே தொங்க, சிறகை விரித்தபடி வழுக்கிக்கொண்டே போய்ச் சம்புக்குள் இறங்கிவிட்டது.

ஆளுயரச் சம்பு. கீழே முழங்கால் வரை சேறு. பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவருடைய லாப்ரடாரும் நானும் ஒன்றரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. கால் ஒடிந்த பறவை அந்த இரவை எப்படிக் கழித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் வீடு வரை கார் ஓட்டினேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வழியில் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அந்தத் துப்பாக்கியைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறாயா?” இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

நான் வேட்டைக்கு வந்ததே நாற்பது வயதில்தான். நம் ஊரில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட, கணக்கு வைத்து நடக்கிற காரியம். சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக் கூடாது. நவம்பர் முடியும் வரை ஒரு நாளைக்கு இரண்டு சேவல். காலை ஒன்பது மணிக்கு முன்னால் சுடக் கூடாது. 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். நானும் முடித்தேன். எச்1பி மாதிரி விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்குவதற்கு முன்னால்கூட விவரம் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன்.

வகுப்பில் பாதுகாப்பு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் என் துப்பாக்கி, நான் வாங்கிய தோட்டாவை, எந்தத் தூரத்தில், எப்படிப் பரப்புகிறது என்பதை எந்த வகுப்பும் சொல்லித்தர முடியாது. அதைக் காகிதம் மட்டும்தான் சொல்லும்.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இல்லை. நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரிய ஆரம்பிக்கும். என்னுடையது 12 கேஜ், நம் ஊரில் 12 போர் என்பார்கள். அந்தக் குழல் அளவில் ஈய உருண்டை செய்தால் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு நிற்கும், பெயர் அதிலிருந்து வந்தது. குழலின் வாயைக் கொஞ்சம் குறுக்கினால் ரவைகள் நெருங்கிப் போகும். அந்தக் குறுக்கலுக்குத்தான் சோக் என்று பெயர். இப்போதைய துப்பாக்கிகளில் சோக் தனிக் குழாயாக வருகிறது, திருகி மாற்றிக்கொள்ளலாம். 12 கேஜில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்பது சுமார் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு குறுக்கல். மாடிஃபைடு அதைப் போல இரண்டு மடங்கு. ஃபுல் சுமார் மூன்றரை மடங்கு. தலைமுடி கனத்தில் நடக்கிற விஷயம், நாற்பது கெஜத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 40 கெஜத்தில், அதாவது 36 மீட்டர் சொச்சத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் தோட்டாவிலுள்ள ரவைகளில் எத்தனை சதவீதம் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஃபுல் என்றால் 70, மாடிஃபைடு 60, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. என் துப்பாக்கி புத்தகம் படித்ததில்லை என்பது ஆகஸ்டில்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துத் துப்பாக்கி கிளப்பில் ஷாட்கன் பேட்டர்ன், அதாவது ரவை பரவுகிற விதம், பார்ப்பதற்கென்றே ஓரமாக ஓர் இடம் இருக்கிறது. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ரைஃபிள் சுடும் இடங்கள் பலவற்றில் ரவைத் தோட்டா சுட விடமாட்டார்கள். பின்னால் மண்மேடு இருப்பது முக்கியம். ரவைதானே என்று நினைக்கக் கூடாது, 200, 300 கெஜம் வரை போகும். இரும்பு ரவையாக இருந்தால் பின்னால் தகரமோ எஃகுத் தகடோ இருக்கவே கூடாது, தெறித்துத் திரும்பி வரும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் நிற்காதீர்கள்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். இறைச்சிக் கடையில் பொட்டலம் கட்டுகிற அகலமான காகிதச் சுருள் ஒன்று, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, இரண்டு மரச்சட்டம், நூறடி டேப், மார்க்கர், ஒரு துண்டுக் கயிறு. கயிற்றில் பதினைந்து அங்குலம் அளந்து மார்க்கரைக் கட்டினால் 30 அங்குல வட்டம் போட்டுவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: சுட்ட பிறகுதான் வட்டம் போட வேண்டும், அதுவும் ரவைகள் அதிகம் விழுந்த இடத்தை நடுவில் வைத்து. முதலிலேயே வட்டம் போட்டுவிட்டுச் சுட்டால், குறி தப்பியதும் ரவை சிதறியதும் ஒன்றாகக் கலந்து எதுவும் புரியாமல் போய்விடும்.

பெரியவரும் கூட வந்தார். டேப்பைப் பிரிப்பதற்கு முன்னால், “40 கெஜம் எங்கே வரும் என்று நினைக்கிறாயோ அங்கே போய் ஒரு குச்சி நடு” என்றார். நட்டேன். அப்புறம் டேப் பிடித்து அளந்தோம். 53 கெஜம்.

அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அக்டோபரில் 40 என்று நினைத்துச் சுட்ட சேவல் எங்கே இருந்திருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. திறந்த வெளியில் மரம், வீடு எதுவும் இல்லாதபோது கண் தூரத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது. இன்றைக்கும் வேட்டைக்கு வரும் புது ஆட்களை நான் முதலில் இந்தக் குச்சியைத்தான் நடச் சொல்கிறேன்.

முதல் நாள் வேலை, துப்பாக்கி நான் பார்க்கிற இடத்தில்தான் சுடுகிறதா என்று பார்ப்பது. இதற்கு 16 கெஜம் போதும். இருப்பதில் இறுக்கமான சோக்கைப் போட்டுக்கொண்டு, காகிதத்தின் நடுவில் கட்டை விரல் அளவு கறுப்புப் பொட்டு வைத்து, வேட்டையில் தூக்குவது போலவே துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கி, பொட்டைப் பார்த்தவுடனே சுட வேண்டும். ரைஃபிள் மாதிரி நிதானமாகக் குறி பார்க்கக் கூடாது. ஒரே காகிதத்தில் ஐந்து முறை சுட்டேன். காகிதம் கிழிந்து கறுத்த இடத்தின் நடுப்பகுதி பொட்டுக்கு நான்கு அங்குலம் கீழே இருந்தது. 16 கெஜத்தில் நான்கு என்றால் 40 கெஜத்தில் பத்து அங்குலம். மேலே எழும்பிக்கொண்டிருக்கிற பறவைக்கு நான் பத்து அங்குலம் கீழே சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கால் ஒடிந்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஷாட்கனில் பின்பக்கக் குறி கிடையாது. நம் கண்தான் பின்பக்கக் குறி. கன்னம் பதியும் கட்டை தாழ்வாக இருந்தால் கண்ணும் தாழ்ந்துவிடும், சுடுவதும் கீழே போகும். 16 கெஜத்தில் ஓர் அங்குலப் பிழைக்குக் கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்த வேண்டும் என்பது துப்பாக்கி ஆசாரிகளின் கணக்கு. எனக்கு நான்கு, ஆகவே கால் அங்குலம். ஒட்டிக்கொள்கிற கன்னப் பட்டை ஒன்றைக் கடையில் வாங்கி, கால் அங்குலம் உயர்த்தி ஒட்டினேன். மறுபடி சுட்டபோது கறுத்த இடம் பொட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஒரு சீசன் முழுக்க நான் சுமந்த பிழை.

ஆகஸ்டில் டீ-சட்டையோடு நின்று இதையெல்லாம் பார்த்தேன். செப்டம்பர் கடைசியில் வேட்டைக்குப் போடுகிற கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தபோது, துப்பாக்கியின் கட்டை அக்குளில் மாட்டியது. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். கடையில் வருகிற துப்பாக்கிகள் என்னைவிட நீளக் கைக்காரர்களுக்கு அளவெடுத்தவை. பின்முனையில் இருந்த கனமான ரப்பரைக் கழற்றி மெல்லியதாக ஒன்று மாட்டிய பிறகு சரியானது. எந்த உடுப்போடு வேட்டைக்குப் போகிறீர்களோ அதே உடுப்போடு சோதித்துப் பாருங்கள்.

அடுத்ததுதான் உண்மையான வேலை, ரவை எண்ணுவது. இதற்கு மட்டும் மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, 40 கெஜம் டேப்பால் அளந்து, ஒவ்வொரு முறை சுடுவதற்கும் புதுக் காகிதம். ஒரு சோக், ஒரு தோட்டா, குறைந்தது மூன்று காகிதம். ஐந்து இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்கள்கூட ஒரே மாதிரி விழுவதில்லை. காகிதத்தின் மூலையில் தேதி, சோக், தோட்டா, தூரம் எல்லாம் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எது எது என்று தெரியாது. சோக் மாற்றும்போது துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள், திருகு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சோக் இல்லாமல் சுட்டால் குழலின் மரை கெட்டுவிடும். ஒரே நாளில் பதினைந்துக்கு மேல் சுடாதீர்கள். உட்கார்ந்து சுடும்போது உதை முழுவதும் தோளில்தான் இறங்கும். தோள் வலித்தால் விசையை இழுக்கும்போதே உடம்பு சுருங்கிக்கொள்ளும்.

எண்ணிக்கையைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதிலிருந்து கணக்குப் போடாமல், ஒரு தோட்டாவை வெட்டிப் பிரித்துக் கொட்டி எண்ணினேன். ஒன்றே கால் அவுன்ஸ் ஈய ரவை, 6-ம் நம்பர் (நம்பர் குறையக் குறைய ரவை பெரிது). அவுன்ஸுக்கு 225 என்ற கணக்கில் 281 வர வேண்டும். என் தட்டில் 276 இருந்தது. (பிரிட்டனில் இருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் 6-ம் நம்பரும் இங்கத்திய 6-ம் நம்பரும் ஒன்றல்ல. உங்களுடையது இன்னும் சின்னது.)

ராத்திரி சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, ஒவ்வொரு ஓட்டையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மகள் இன்னொரு பக்கத்திலிருந்து பத்துப் பத்தாக வளையம் போட்டாள். போன சீசனில் நான் வைத்திருந்த அதே இம்ப்ரூவ்டு சிலிண்டர், அதே ஈயத் தோட்டா: 126, 139, 118. சராசரி 46 சதவீதம். புத்தகம் சொல்கிற 50-க்குக் கிட்டத்தட்ட வருகிறது, மோசமில்லை.

ஆனால் சதவீதம் மட்டும் போதாது. அட்டையில் ஒரு சேவலின் உடம்பை வெட்டி எடுத்துக்கொண்டேன். வாலும் கழுத்தும் இல்லாமல், ஒன்பது அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம். அதை வட்டத்துக்குள் இங்கும் அங்கும் நகர்த்தி, எத்தனை ஓட்டை அதற்குள் வருகிறது என்று பார்த்தேன். ஃபெசன்ட் விழ நாலைந்து ரவையாவது உடம்பில் பட வேண்டும். 40 கெஜத்துக் காகிதத்தில் பல இடங்களில் ஆறு, ஏழு வந்தது. சில இடங்களில் இரண்டு. அப்புறம் என் குச்சி நின்ற 53 கெஜத்தில் சுட்ட காகிதத்தை விரித்தேன். வட்டத்துக்குள் மொத்தமே 61 ஓட்டை. அட்டைச் சேவலை வைத்த இடங்களில் மூன்று, இரண்டு, ஒன்று. ஓரிடத்தில் ஓட்டையே இல்லாமல் சேவல் முழுசாக உட்கார்ந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது தப்பிச்சிடும்ல?” என்றாள். அடியே படாமல் தப்பித்தால் நல்லதுதான். ஒன்றும் இரண்டும் பட்டுப் போகிறதே, அதுதான் கொடுமை.

அப்படியானால் ஃபுல் சோக்கைப் போட்டுவிட்டால் போதுமே என்று எனக்கும் தோன்றியது. போட்டு 20 கெஜத்தில் சுட்டேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் கிட்டத்தட்ட எல்லாமே போய் அடைந்து காகிதமே பிய்ந்துவிட்டது. நாய் எழுப்பிவிடுகிற சேவல்களில் பெரும்பாலானவை 20, 30 கெஜத்துக்குள்தான் கிளம்பும். அந்தத் தூரத்தில் இப்படிப் பட்டால் கறி வீட்டுக்கு வராது, படாவிட்டால் மொத்தமாகத் தப்பும். நீங்கள் உண்மையில் எந்தத் தூரத்தில் சுடுகிறீர்களோ அந்தத் தூரத்துக் காகிதமும் வேண்டும். 40 என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இந்த வருஷம் இரும்பு ரவைக்கு மாற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991-லிருந்து நாடு முழுவதும் தடை. சேற்றில் கிடக்கிற ஈயத்தை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன, அந்த வாத்துகளைத் தின்ற கழுகுகளும் செத்தன. நான் போக நினைத்த நிலம், வாத்து முத்திரை (வாத்து வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய மத்திய அரசு முத்திரை) விற்ற பணத்தில் மத்திய அரசு வாங்கிக் காக்கிற சதுப்பு. அங்கே ஃபெசன்ட் வேட்டைக்கும் நச்சில்லாத ரவைதான். தடை இல்லாத இடத்திலும் இனி ஈயம் வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன், சாப்பிடுவது என் பிள்ளைகள்.

இரும்பு ஈயத்தைவிட எடை குறைவு, வேகம் சீக்கிரம் குறையும். அதனால் இரண்டு, மூன்று நம்பர் பெரிய ரவையாக எடுக்கச் சொல்வார்கள். நான் 3-ம் நம்பர் எடுத்தேன், இது ஒன்றே கால் அவுன்ஸ்கூட இல்லை, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும்தான். வெட்டி எண்ணியதில் 176. இரும்பு கெட்டியாக இருப்பதால் குழலுக்குள் நசுங்காது, நேராகப் போகும். இது கேள்விப்பட்டதுதான், ஆனால் காகிதத்தில் பார்த்தபோதுதான் நம்பினேன். மாடிஃபைடு சோக்கில் 128, 134, 122. சராசரி 73 சதவீதம், ஃபுல்லுக்கு ஆக வேண்டிய எண். இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 61 சதவீதம், அது மாடிஃபைடுக்கு ஆக வேண்டிய எண். சோக்கின் மேல் எழுதியிருக்கிற பெயர் வேறு, இந்தத் தோட்டாவோடு அது செய்கிற வேலை வேறு. தோட்டாவை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து காகிதம்தான். பழைய துப்பாக்கி, அதிலும் ஃபுல் சோக் குழலோடு சேர்ந்தே வருவதாக இருந்தால், இரும்பு ரவையைப் போடவே வேண்டாம், குழல் கெடும். திருகு சோக்காக இருந்தாலும் இரும்புக்கு ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சொல்லாத ஒன்றும் உண்டு. அங்கே எல்லா ரவையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்த மாதிரித் தெரியும். காற்றில் அவை ஒன்றன் பின் ஒன்றாக நீண்டு வருகின்றன. பெரிய ரவை தோல், எலும்பைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகும் என்பதும் ஓட்டையைப் பார்த்தால் தெரியாது. அதனால் அட்டைச் சேவல் தேறிய தூரத்திலிருந்தும் ஐந்து கெஜம் குறைத்துக்கொண்டேன். தோட்டாப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: இம்ப்ரூவ்டு 35, மாடிஃபைடு 40. தூரம் அளக்கிற கருவி ஒன்றும் பையில் வைத்துக்கொள்கிறேன். பறக்கிற பறவையை அதால் அளக்க நேரமிருக்காது. வரப்பு முனை, தனி மரம், வேலிக் கம்பம் என்று நடக்கும்போதே அளந்து அளந்து கண்ணைப் பழக்குவதற்குத்தான் அது.

சீசனில் இரண்டாவது சனிக்கிழமை போனோம். முதல் சேவல் ஒரு வேலிக் கம்பத்துக்கு மேலாகக் கிளம்பியது. கம்பம் 47 கெஜம், கொஞ்ச நேரம் முன்னால்தான் அளந்திருந்தேன். துப்பாக்கி பாதி வரை தூக்கியாகிவிட்டது. இறக்கிவிட்டேன். நாய் திரும்பி என்னையே பார்த்தது. பெரியவர் அதன் தலையைத் தட்டி மறுபடி புல்லுக்குள் அனுப்பினார்.

பதினொரு மணி வாக்கில் ஒன்று காலடியிலிருந்து எழும்பியது. போக விட்டு, விட்டு, 30 கெஜம் வந்ததும் சுட்டேன். மடங்கி விழுந்தது. நாய் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது உயிர் இல்லை.

வீட்டில் தோலுரித்துக் கழுவும்போது, ரவை நுழைந்த இடத்திலெல்லாம் ஒரு சின்ன இறகுத் துணுக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தத் துணுக்கைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வழி தெரிந்துவிடும். மகள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து கறித்துண்டு மேல் மெதுவாக நகர்த்தினாள். இரும்பு ரவைக்கு இது ஒரு வசதி. “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்து கிடைத்தது, மூன்று நெஞ்சிலிருந்து. காலில் ஒன்றுமில்லை. ஃபெசன்ட் கறியில் கொழுப்பே இருக்காது, வறுத்தால் நார் நாராகிவிடும். மனைவி சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து, நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பது மாதிரியே சிறு தீயில் வேக விட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது.